சமரசம் வேறு, சரணாகதி வேறு



போன மாதம் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர். முப்பது வருஷம் பால்மரம் வெட்டிய கை என்பது பார்த்ததும் தெரிந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தம்பி, நீங்க சங்கத்துல இருக்கிறவங்க. ஒன்னு கேட்கிறேன். சமரசம் சமரசம்னு எல்லாரும் சொல்றாங்களே, அப்படின்னா முதலாளி கொடுக்கிறதை வாங்கிக்கிட்டு வாயை மூடிக்கிறதுதானே?" என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என் கூடவே வந்தது. அவர் கேட்டதில் தப்பில்லை. நம் ஜனங்கள் பார்த்த சமரசம் பெரும்பாலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. ஆகவே இன்று இதைப் பற்றியே பேசிவிடுவோம்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். 1997-ல் எங்கள் தோட்டம் வீட்டுமனைக்காக விற்கப்பட்டது. அப்பா அங்கே 26 வருஷம் வேலை செய்தவர். ஒருநாள் காலையில் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஓர் உறையும் ஒரு கடிதமும் இருந்தன. கடிதம் ஆங்கிலத்தில். கிராணி "கை வை" என்றார். அப்பா கை நாட்டு வைத்தார். எங்கள் கிளைத் தலைவரே முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன், அவருக்கும் கணக்குத் தெரியாது. அந்த உறையில் 11 வருஷத்துக்கான பணம்தான் இருந்தது. நடுவில் ஒருமுறை தோட்டம் கைமாறியிருந்தது. பழைய முதலாளியிடம் உழைத்த 15 வருஷத்தையும் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டிருந்தார்கள். வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் என்றால் 300 நாள் சம்பளம் போயிற்று. அதையும் சமரசம் என்றுதான் சொன்னார்கள்! "பேசி முடிச்சாச்சு" என்றார்கள். பேசியவர் யார், முடித்தவர் யார் என்று கேட்க அன்று ஆளில்லை. அப்பா 2009-ல் கண்ணை மூடினார். கடைசி வரை அந்தக் கணக்கு அவருக்குப் புரியவே இல்லை.

அப்பாவுக்கு நடந்தது சமரசமே அல்ல என்பதைத்தான் நான் இன்று சொல்ல வருகிறேன். உண்மையான சமரசம் எது, அதற்கு எப்படிப் போவது, எதை விட்டுக் கொடுக்கலாம், எதை விட்டுக் கொடுக்கக் கூடாது என்பதைத் தெரிந்துகொண்டால் அது நமக்கு நல்ல ஆயுதம்.

இந்தப் பேச்சு மேசை யாரும் நமக்கு இனாமாகக் கொடுத்ததல்ல. 1941-ஆம் ஆண்டு இதே கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் என்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான தமிழ்க் கல்வி, கள்ளுக்கடை மூடல், துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற அவமானத்துக்கு ஒரு முடிவு. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. படை வந்தது, துப்பாக்கி பேசியது, தொழிலாளர் ஐவர் மாண்டனர். அன்று இரு தரப்பையும் சமமாக உட்கார வைத்துக் கேட்க ஒரு நாற்காலி போட்டிருந்தால் அந்த ரத்தம் சிந்தியிருக்க வேண்டுமா?

இன்று அந்த நாற்காலி இருக்கிறது. எங்கே இருக்கிறது என்பதுதான் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

ஒன்று, நாம் லேபர் ஆபீஸ் என்று சொல்லும் தொழிலாளர் இலாகா. சம்பள பாக்கி, ஆட்குறைப்புப் பலன், நோட்டீஸ் பணம், லீவுப் பணம் இவற்றுக்கெல்லாம் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி அங்கே புகார் கொடுக்கலாம். கட்டணம் ஒரு காசு கிடையாது. அதிகாரி இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார். பேச்சில் முடிந்தால் அதைப் பதிவு செய்து உத்தரவாக்கலாம். முடியாவிட்டால் அங்கேயே தொழிலாளர் நீதிமன்றமாக விசாரணை நடக்கும்.

இரண்டு, தொழில் உறவு இலாகா. நியாயமில்லாமல் வேலையை விட்டு நிறுத்தினால் 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-வது பிரிவுப்படி அங்கே மனுக் கொடுக்க வேண்டும். வேலை நின்ற நாளிலிருந்து 60 நாள்தான் தவணை. 61-ஆம் நாள் போனால் கதவு சாத்தியிருக்கும்; அழுதாலும் திறக்காது. உள்ளே சமரசப் பேச்சில் வக்கீல்களுக்கு இடமில்லை. முதலாளி எவ்வளவு பெரிய வக்கீலை வைத்திருந்தாலும் அந்த அறைக்குள் அவர் வரமுடியாது. நம் பக்கம் சங்கத்து ஆள் வரலாம். பேச்சு முறிந்தால் வழக்கு தொழில் நீதிமன்றத்துக்குப் போகும். முன்பு மந்திரி மனம் வைத்தால்தான் போகும் என்றிருந்தது. 2021 ஜனவரி முதல் அந்தத் தடை இல்லை, இலாகாவின் தலைமை இயக்குநரே நேராக அனுப்பிவிடுகிறார்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சமரச அறையில் "சரி, இவ்வளவு கொடுத்தால் முடித்துக் கொள்கிறேன்" என்று நீங்கள் சொன்னதைப் பிறகு தொழில் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராக எடுத்துக்காட்ட முடியாது. சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. ஆகையால் பயப்படாமல் மனம்விட்டுப் பேசலாம்.

இனி, ஏன் சீக்கிரமே பேசி முடிக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். நீதிமன்ற வழக்கு வருஷக் கணக்கில் இழுக்கும். தீர்ப்பு வந்தாலும் மேல் நீதிமன்றம் என்று ஒன்று இருக்கிறது. முதலாளிக்குக் காத்திருப்பது ஒரு செலவுக் கணக்கு. நமக்கோ காத்திருப்பது வாடகை, பள்ளிக்கூடச் செலவு, அம்மாவின் மருந்து. சாட்சி சொல்ல வேண்டிய மண்டோர் ஊர் மாறிப் போய்விடுவார். ஆபீஸ் இடிபட்டால் செக்ரோல் புத்தகமும் அதோடு போகும். வேலை நீக்க வழக்கில் ஜெயித்தாலும் பின் சம்பளம் அதிகபட்சம் 24 மாதத்துக்குத்தான். இழுத்துக்கொண்டே போனால் தொகை ஏறும் என்று நினைப்பது வீண் கனவு.

அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1951-லேயே சொன்ன பரிந்துரை ஒன்று உண்டு: சமரச முறை இலவசமாக இருக்க வேண்டும், விரைவாக நடக்க வேண்டும் என்று. பிரிட்டனில் 2014 முதல் தொழிலாளர் வழக்குப் போடுமுன் சமரச அமைப்பிடம் தெரிவித்துத்தான் ஆகவேண்டும். ஆக, உலகமே முதலில் பேசு, பிறகு வழக்குப் போடு என்கிறது. நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்கிறேன்: கணக்கோடு போய்ப் பேசு!

கணக்கு என்ன? 1980-ஆம் ஆண்டு விதிமுறைகளில் தெளிவாக இருக்கிறது. மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத தொழிலாளி, குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருந்து ஆட்குறைப்பானால்:

இரண்டு வருஷத்துக்குக் குறைவான சேவைக்கு, வருஷத்துக்கு 10 நாள் சம்பளம்.
இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் என்றால், வருஷத்துக்கு 15 நாள்.
ஐந்து வருஷமும் அதற்கு மேலும் என்றால், வருஷத்துக்கு 20 நாள்.

ஒரு நாள் சம்பளம் என்பது கடைசி 12 மாதச் சம்பளத்தின் சராசரி. குலை வெட்டுகிறவருக்கும் உதிரிப் பழம் பொறுக்குகிறவருக்கும் மாதா மாதம் சம்பளம் ஏறி இறங்கும். அதனால்தான் ஒரு மாதத்தைப் பார்க்காமல் 12 மாதத்தையும் பார்க்கச் சொல்கிறது. வேலை நின்ற 7 நாளுக்குள் பணம் கைக்கு வரவேண்டும். நோட்டீஸ் தனி: ஐந்து வருஷத்துக்கு மேல் சேவை என்றால் 8 வாரம். நோட்டீஸ் கொடுக்காமல் நிறுத்தினால் அந்த 8 வாரச் சம்பளமும் சேர்ந்து வரவேண்டும். கூட்டு ஒப்பந்தத்தில் இதைவிட மேலாக இருந்தால் மேலானதுதான் செல்லும். பெர்மிட்டில் வந்த பிறநாட்டுத் தோழர்களுக்கும் இதே சட்டம்தான், மறவாதீர்கள்.

தோட்டம் கைமாறினால்? புது முதலாளி 7 நாளுக்குள், முன்பிருந்ததற்குக் குறையாத நிபந்தனையில் வேலை தர முன்வர வேண்டும். தராவிட்டால் ஆட்குறைப்பு நடந்ததாகவே கணக்கு. பலன் கொடுக்க வேண்டும். தந்து, நாமும் ஏற்றுக்கொண்டால் பழைய வருஷங்களும் சேர்ந்தே வரும். என் அப்பாவின் 15 வருஷம் போனது இந்த ஒரு விதியை யாரும் எடுத்துச் சொல்லாததால்தான்.

இப்போது நடந்த இன்னொரு கதை. கோலலங்காட் பக்கத்தில் ஒரு தோட்டம். தோட்டத்தின் பெயரும் வேண்டாம், ஆள் பெயரும் வேண்டாம். ஒரு தங்கச்சி 23 வருஷம் வேலை செய்தவர். மாதம் 1,700 வெள்ளி சம்பளம். நிர்வாகம் 9 வருஷக் கணக்குப் போட்டு 10,060 வெள்ளி தருவதாகச் சொன்னது. "அண்ணே, வாங்கிக்கவா? பையனுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும்," என்று போன் போட்டார். "கையெழுத்து மட்டும் போட்டுடாதே தங்கச்சி, நாளைக்கு வர்றேன்," என்றேன்.

மறுநாள் அவர் வீட்டில் பழைய தகரப் பெட்டியைத் திறந்தோம். சம்பளச் சீட்டு சிலது இருந்தது, சிலது கறையான் தின்றுவிட்டது. ஆனால் சேமநிதி வாரியத்தின் கணக்கு விவரம் இருக்கிறதே! எந்த மாதம் எந்த முதலாளி சந்தா கட்டினார் என்று அதில் வரிசையாக இருந்தது. 23 வருஷமும் இருந்தது. 1,700 வெள்ளியை 12-ஆல் பெருக்கினால் 20,400. அதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 55 வெள்ளி 89 காசு. வருஷத்துக்கு 20 நாள் என்றால் 23 வருஷத்துக்கு 460 நாள். மொத்தம் 25,700 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். நிர்வாகம் சொன்னதற்கும் இதற்கும் 15,000 வெள்ளிக்கு மேல் வித்தியாசம்!

லேபர் ஆபீசில் புகார் கொடுத்தோம். முதல் தடவை நிர்வாகத்தின் ஆள் "பழைய முதலாளி காலத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்றார். அதிகாரி சத்தம் போடவில்லை. விதியைக் காட்டினார், சேமநிதிக் கணக்கைக் காட்டினார். "விசாரணைக்குப் போனால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?" என்று மட்டும் கேட்டார். இரண்டாம் தடவையிலேயே முடிந்தது. சட்டப்படியான முழுத் தொகை, இரண்டு தவணையில். லயத்து வீட்டில் பள்ளித் தவணை முடியும் வரை இருந்துகொள்ளலாம். இது சட்டத்தில் இல்லாதது, பேச்சில் கிடைத்தது. தங்கச்சி விட்டுக் கொடுத்தது என்ன? பணத்தை ஒரே தடவையில் கேட்கவில்லை. கடைசி வருஷ போனஸ் என்று ஒன்று சொல்லியிருந்தார். அதற்குக் காகிதம் எதுவும் இல்லாததால் அதை விட்டார். அவ்வளவுதான்.

சமரசம் என்பது இதுதான், தோழர்களே. சட்டம் நமக்குக் கொடுத்தது தரை. தரைக்குக் கீழே பேரம் இல்லை. சட்டத்தைவிடக் குறைந்த நிபந்தனை செல்லாது என்று வேலைவாய்ப்புச் சட்டத்தின் 7-வது பிரிவே சொல்கிறது. நம்முடைய பேரமெல்லாம் தரைக்கு மேலேதான்: எப்போது பணம், எத்தனை தவணை, வீட்டில் எத்தனை மாதம், கூடுதலாக என்ன கருணைத் தொகை.

வீட்டுக் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவில் ஐந்து தோட்டத்து ஜனங்கள், தோட்டம் 1990-களில் கைமாறிய காலத்தில் சொல்லப்பட்ட வீட்டுக்காக ஒரு தலைமுறையே காத்திருந்தார்கள். 2023-லும் அதுதான் பேச்சாக இருந்தது. வாய்ப்பேச்சில் வந்த வீடு வாயோடு நிற்கும். ஆரம்பத்திலேயே எழுத்தில், தேதியோடு, கையெழுத்தோடு வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

இந்த முறையில் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பைல் மூடினால் போதும் என்று அவசரப்படுத்தும் அதிகாரியும் உண்டு. "ஏதோ கிடைத்ததை வாங்கிக்கோ" என்று தோளைத் தட்டும் சங்கத்து ஆளும் உண்டு. அது என் சொந்த ஜாதி, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். சமரசத்தில் உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. "வேண்டாம், விசாரணைக்கே போகிறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சங்கத்தில் சேர்ந்த குற்றத்துக்காக ஒருவரை வேலையை விட்டு நிறுத்தினால் அதைக் காசுக்கு முடிக்கக் கூடாது என்பது என் கருத்து. அது ஒருவர் வழக்கல்ல, எல்லார் வழக்கும்.

சமரசத்துக்கே கொண்டுபோகக் கூடாத விஷயம் ஒன்றும் உண்டு. வேலையில் அடிபட்டால், "சொக்சோவுக்கெல்லாம் போகாதே, நானே 500 வெள்ளி தர்றேன்" என்று சொல்லும் குத்தகையாளர்கள் இருக்கிறார்கள். இதுவும் பேசி முடிப்பதாம்! விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை. கை விரல் போய், நிரந்தர ஊனம் 20 விழுக்காட்டுக்கு மேல் என்று மருத்துவக் குழு சொன்னால் ஆயுள் முழுதும் மாதப் பென்ஷன் உண்டு. ஆயுள் பென்ஷனை 500 வெள்ளிக்கு விற்பவன் உண்டா? அங்கே பேரம் இல்லை, மனுவும் மேல்முறையீடும்தான். வேலை போனவர்களுக்கு 2018 முதல் சொக்சோவில் வேலை காப்புறுதித் திட்டமும் இருக்கிறது. அதற்கும் 60 நாளுக்குள் மனுப் போட வேண்டும்.

கடைசியாகச் சில வார்த்தை. வெட்டி எடுத்து சுவரில் ஒட்டி வையுங்கள்.

1. புரியாத காகிதத்தில் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். "முழுமையும் இறுதியுமான தீர்வு" என்று இருந்தால் இரண்டு மடங்கு ஜாக்கிரதை.

2. சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், சேமநிதிக் கணக்கு மூன்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். பிள்ளைகளிடம் சொல்லிப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

3. வேலை நின்ற தேதியை காலண்டரில் வட்டம் போடுங்கள். 60 நாளை எண்ணுங்கள்.

4. சமரசத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். சங்கத்துக்குச் சொல்லுங்கள். ஒரே தோட்டத்தில் பத்துப் பேர் பாதிக்கப்பட்டால் பத்துப் பேரும் சேர்ந்து போங்கள். தனித்தனியாகக் கூப்பிட்டால், ஒவ்வொருவரிடமும் "மற்றவனெல்லாம் கையெழுத்துப் போட்டுட்டான்" என்பார்கள்.

5. ஒத்துக்கொண்டதை அதிகாரி முன்னிலையில் எழுத்தில் பதிவு செய்யுங்கள். எவ்வளவு, எந்தத் தேதியில், தவணை தவறினால் என்ன என்பது மூன்றும் இருக்க வேண்டும். ஒருமுறை ஒத்துக்கொண்ட வழக்கைத் திரும்பத் திறப்பது லேசல்ல.

கிள்ளான் கடையில் அந்தப் பெரியவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "ஐயா, கணக்குத் தெரியாம போய் உட்கார்ந்தா நீங்க சொன்னது சரி, அது வாயை மூடிக்கிறதுதான். கணக்கோட போய் உட்கார்ந்தா அது நம்ம கூலியைப் பேசி வாங்குறது." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என் மருமகன் பிரிக்பீல்ட்ஸ்ல கார்டு வேலை செய்றான், கம்பெனி மாறிடுச்சாம், பழைய வருஷம் கணக்கில்லைன்னு சொல்றாங்களாம்," என்றார். "எப்போ மாறுச்சு?" என்றேன். "ஒரு மாசம் இருக்கும்," என்றார்.

இன்னும் நாள் இருக்கிறது. அவரை நாளைக்கே வரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மருமகன், ஒரு தங்கை, ஒரு அண்ணன் இருந்தால், அவர்களிடம் இன்றே கேளுங்கள்: எத்தனை நாள் ஆயிற்று என்று.